நாலு தாவணி, மூணு ஜாக்கெட்

புதுச்சேரிப் பக்கம் மண்ணாடிப்பட்டில் எங்கள் தெருவுக்கே ஜாக்கெட் தைத்தவர் என் அத்தை. திண்ணையில் கால் மிஷின், காலடியில் ஒவ்வொரு வீட்டு அளவு ஜாக்கெட்டையும் முடிச்சுப்போட்டு வைத்த கூடை, மடியில் எப்போதும் ஒரு துண்டுத்துணி. அப்பாவுக்கு மூத்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. எனக்கு உடுத்தக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பல வருஷம் ஆசிரியையாகப் பிள்ளைகள் முன்னால் நின்றவள் நான். உடுத்துவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்தத் திண்ணையில் படித்த பாடம். பீரோ நிறையத் துணியை வைத்துக்கொண்டு "போட்டுக்க ஒண்ணுமே இல்ல" என்று கலங்கி நிற்கும் பெண்களை இன்று பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாடத்தை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றும்.

எண்பதுகளின் நடுவில் நான் தாவணிக்கு மாறினேன். அப்போது எங்கள் வீட்டில் துணி எடுப்பது தீபாவளிக்கு ஒருமுறை, லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்புப் பணம் வந்ததும் ஒருமுறை. அம்மாவுக்கு 'செட்' ஆசை. பாவாடை, ஜாக்கெட், தாவணி மூன்றும் ஒரே நிறத்தில், பச்சை என்றால் தலையிலிருந்து கால்வரை பச்சை. திருக்கனூர் கடைவீதியில் அப்போது அதுதான் புது மோஸ்தர். அத்தை ஒப்பவில்லை.

"செட்டா மூணு எடுத்தா மூணு நாளைக்கு ஆகும். நாலாம் நாள் இன்னா பண்ணுவா?" என்றார் அம்மாவிடம்.

"நாலாம் நாள் மொதல்ல கட்டினதையே கட்டட்டுமே அண்ணி."

"அதே காசுக்கு மாசம் பூரா மாத்திமாத்திக் கட்டலாம். என்கிட்ட விடு."

அத்தை எடுத்துக்கொடுத்தவை இவை. பாவாடை மூன்று: அரக்கு, கரும்பச்சை, கருநீலம். தாவணி நான்கு: மாம்பழ மஞ்சள், சந்தனம், வாடாமல்லி, வெள்ளையில் பொடிப்பூப் போட்டது ஒன்று. ஜாக்கெட்டுக்கு ரூபியா துணியில் மூன்று: கறுப்பு, அரக்கு, இலைப்பச்சை. மொத்தமே பத்து உருப்படி. பாவாடை எதுவானாலும் தாவணி எதையும் போடலாம், அதற்கு ஜாக்கெட் மூன்றில் எதையும் போடலாம். மூன்றை நாலால் பெருக்கி மறுபடி மூன்றால் பெருக்கினால் முப்பத்தாறு. கண்ணுக்கு ஒவ்வாத இரண்டு மூன்றைத் தள்ளினாலும் ஒரு மாதத்துக்குத் தாராளம். அதே பத்தை அம்மா சொன்னபடி ஒரே நிறச் செட்டாக எடுத்திருந்தால் மூன்று உடுப்பு ஆகியிருக்கும், ஒரு தாவணி மிஞ்சியிருக்கும்.

இந்தக் கணக்கின் சூட்சுமம் எல்லாம் எந்த நிறம் எங்கே வருகிறது என்பதில் இருந்தது. பாவாடை மூன்றும் ஆழ்ந்த நிறம், வெற்றுத் துணி. கரையில் ஒரு கோடு மட்டும். அது அடியில் கிடப்பது, மண்ணிலும் பஸ் படியிலும் உரசுவது, அழுக்கு தெரியக்கூடாதது. வெளிச்சமான நிறம் முகத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும் என்பதால் அதைத் தாவணிக்கு வைத்தார். இரண்டையும் முடிச்சுப்போடுவது ஜாக்கெட். அரக்குப் பாவாடை, மஞ்சள் தாவணி, நடுவில் பச்சை ஜாக்கெட். கருநீலத்துக்குச் சந்தனமும் அரக்கும். கரும்பச்சைக்கு வாடாமல்லி, கூடவே கறுப்பு. பூப்போட்டது உடம்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், மற்ற இரண்டும் வெற்றாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். இரண்டு பூத்துணி சேர்ந்தால் பார்க்கிறவர் கண் எதிலும் நிற்காது என்பார்.

கடையில் அவர் நிறம் பார்த்த விதத்தை இன்றும் நான் அப்படியே செய்கிறேன். திருக்கனூர் கடைக்காரர் டியூப்லைட் அடியில் தாவணிகளை விசிறிப் போடுவார். அத்தை அவற்றில் இரண்டை எடுத்து இடது முன்கையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, "வெயில்ல பாத்துட்டு வரேன் தம்பி" என்று கடை வாசலுக்கு வந்துவிடுவார். வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெளியே வந்ததும் ரோஸ் பாய்ந்து நிற்கும். கறுப்பு என்று எடுத்தது கரும்பழுப்பாக முகம் காட்டும். பிறகு என் கையை இழுத்துத் துணியைத் தோள்பட்டை வரைக்கும் ஏற்றி விடுவார். துணி துணியோடு சேர்ந்தால் மட்டும் போதாது, உடம்போடும் சேரவேண்டும். விளக்கொளியில் எல்லா நிறமும் சமமாக இருப்பதில்லை, டியூப்லைட்டில் சிவப்புக் குறைவு. அதனால் அதன் கீழே சிவப்புக் குடும்பத்து நிறங்கள் எல்லாம் செத்துக்கிடக்கும். காரணத்தை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அத்தைக்கு வாசல்படி வெயில் போதுமாக இருந்தது.

நான் நல்ல கறுப்பு. அந்த மாம்பழ மஞ்சள் தாவணியைப் பார்த்ததும் உறவில் ஒருவர், "கறுத்த பொண்ணுக்கு மஞ்சள் எடுக்காது, வெளிர் ரோஸ் மாதிரி அடக்கமா எடுக்கக்கூடாதா" என்று என் முன்னாலேயே சொன்னார். எங்கள் பக்கத்தில் கறுப்புப் பெண்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த வார்த்தை அது. அத்தை அவருக்குப் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு வெளிர் ரோஸ் துணியைக் கொண்டுவந்து என் ஒரு தோளில் போட்டார், மறு தோளில் மஞ்சள். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "நீயே பாரு பாப்பா" என்றார். ரோஸ் பக்கத்தில் என் கன்னம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மஞ்சள் பக்கத்தில் தோல் மினுங்கியது. மாவு கலந்தாற்போன்ற வெளுத்த நிறங்கள்தான் கறுப்புத் தோலை மங்க அடிக்கும். மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து, இலைப்பச்சை, வாடாமல்லி எல்லாம் அதைத் தூக்கிக் காட்டும். 'அடக்கமான' நிறம் என்று சொல்லி எத்தனை கறுப்புப் பெண்களை வெளிறிய துணிக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. என்னிடம் படித்த பெண்பிள்ளைகளில் ஒருத்தியையும் அந்த வார்த்தையோடு வீட்டுக்குப் போகவிட்டதில்லை.

பிறகு புதுச்சேரியில் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி. சுத்துக்கேணி, பத்துக்கண்ணு, வில்லியனூர் வழியாகப் பஸ். வகுப்பில் நகரத்துப் பெண்கள் சுடிதாரில் வந்தார்கள். எனக்கு அதே பத்து உருப்படிதான், கூட இரண்டு சேலை. நிறையத் துணி இருக்கிறவள் என்றே தோழிகள் நினைத்தார்கள். கல்லூரி விட்டு பஸ் வரும்வரை ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் செவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளரைப் பற்றிப் படித்தேன். பாரிஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப்பிரிவின் பொறுப்புக்கு வந்தவர். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று அங்கே ஒரு புகார். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் வெளுத்துத் தெரிந்தது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து நிறம் முடிவு செய்கிறது, எதிரெதிர் நிறங்களைச் சேர்த்து வைத்தால் இரண்டும் கூடுதலாக ஒளிரும் என்று 1839இல் பெரிய புத்தகமே எழுதினார். அரக்குக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தால் இரண்டும் ஏன் எடுப்பாகத் தெரிகின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. செட்டாக உடுத்தினால் மூன்று துணியும் ஏன் ஒன்றையொன்று அமுக்கிவிடுகின்றன என்பதும் விளங்கியது.

இதைப் படித்தறியாத நம் நெசவாளர்கள் கையால் அறிந்திருந்தார்கள். காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிர்நிறம். நாடாவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே ஓட்டமாக ஓட்டினால் உடலின் ஊடை நூல் கரைக்குள்ளும் புகுந்து கரையின் நிறத்தை மங்கவைத்துவிடும். அதற்காகத்தான் கோர்வை. கரைகளுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று என்று மூன்று நாடா. நிறம் மாறும் இடத்தில் ஒவ்வொரு இழையையும் கோத்துக் கோத்து வாங்க வேண்டும். நெய்கிறவருக்குத் துணையாகப் பக்கத்தில் இன்னொருவர் உட்காருவது வழக்கம். இவ்வளவு பாடும் கரை நிறம் கலங்காமல் நிற்பதற்காக. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் அந்த ஆழ்ந்த நீலம் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் அவருக்காக நெய்து கொடுத்தது. ஒரு நிறம் ஒருவருக்கு இவ்வளவு பொருந்தி அவர் பெயரையே எடுத்துக்கொண்டதை நினைத்தால் நிறத்தைத் தேடி அலைவது வீண்வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தறியை நான் கிட்டே இருந்து பார்த்தது சிறுவந்தாட்டில். வளவனூர் பக்கம், மதகடிப்பட்டிலிருந்து தூரமில்லை. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். என் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அத்தையோடு போயிருந்தேன். ஒரு வீட்டுத் தறியில் மயில்கழுத்து நிறம் ஓடிக்கொண்டிருந்தது. குழியில் கால்விட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். பாவு முழுக்க நீலம். நாடாவுக்குள் இருந்த ஊடை பச்சை. நெய்து முடித்த இடத்தில் விரலால் துணியை லேசாக மடக்கினார். மேடான இடம் நீலம், பள்ளம் பச்சை. கையைத் திருப்பியதும் மாறி நின்றது. "ரெண்டு கலர் ஒத்துப்போச்சுன்னா மூணாவது தானா வரும்மா" என்றார். அந்தச் சேலையைத்தான் எடுத்தோம். அதற்கு அத்தை தைத்துக் கொடுத்த ஜாக்கெட் கரையில் ஓரிழையாக ஓடிய அரக்கு நிறத்தில். சேலையில் எந்த நிறம் குறைவாக இருக்கிறதோ அதை எடுத்து ஜாக்கெட்டாக்கு என்பது அவர் வழக்கம். உடல் நிறத்திலேயே ஜாக்கெட் போட்டால் அந்த ஜாக்கெட் அந்தச் சேலைக்கு மட்டுமே அடிமை. ஓர இழையின் நிறத்தில் போட்டால் அது இன்னும் நாலு சேலைக்குப் போகும். என்னுடைய அரக்கு ஜாக்கெட் அப்படித்தான் மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் சாம்பலுக்கும் போய்வந்தது. கறுப்பை மங்கல காரியங்களுக்குப் போட விடமாட்டார்கள். அந்த இடத்தையும் அரக்கே நிரப்பியது.

வேலைக்குப் போன பிறகு எனக்கு ஆதாரமாக இருந்தது நீலம். புதுச்சேரிக்காரர்கள் நீலத்தைக் கொண்டாட ஒரு காரணம் உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கே அவுரியில் தோய்த்த 'கினே' என்ற நீலத்துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. செனெகல் ஆற்றுக் கரையில் நடந்த பிசின் வியாபாரத்தில் அந்தத் துணியே பணமாகப் புழங்கியது. எங்கள் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சுற்றியுள்ள விழுப்புரம் மாவட்டத்தில் இன்றும் அவுரி விளைகிறது. அவுரி நீலம் மஞ்சள், ஆரஞ்சு, அரக்கு, காவி என்று வெம்மையான நிறம் எல்லாவற்றுக்கும் எதிரே நின்று எடுத்துக்கொடுக்கும். வெள்ளையோடும் சந்தனத்தோடும் சண்டையில்லை. துவைக்கத் துவைக்க வெளுத்தாலும் அசிங்கமாகாது, இன்னொரு நீலமாகும். ஜீன்ஸ் துணிக்குப் போடும் சாயமும் வேதிமுறையில் செய்த இதே நீலம்தான். அது எந்தச் சட்டைக்கும் ஒத்துப்போகிற ரகசியம் அங்கே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நாள் முழுக்க ஆசிரியையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பார்வைக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று நினைத்தே தினமும் உடுத்தினேன். பருத்திச் சேலைதான், கஞ்சி போட்டு நிழலில் உலர்த்தியது. நீலத்தில் இரண்டு, சந்தனத்தில் ஒன்று, கரும்பச்சை, கடுகு மஞ்சள், செங்கல் நிறம். வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகளின் நிறம் அந்தச் செங்கல் சிவப்பு. சூளையிலிருந்து வந்ததும் இருக்கும் அந்த நிறத்துக்கு நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை எதை வைத்தாலும் பொருந்தும். ஜாக்கெட் ஐந்தாறுக்கு மேல் நான் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் அந்த ஐந்தாறும் அளவில் அச்சாக இருக்கும். தோள் இறங்காது, அக்குள் பிடிக்காது, கை முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும். எவ்வளவு நல்ல சேலையையும் பொருந்தாத ஜாக்கெட் கெடுத்துவிடும். அறுபது ரூபாய்ச் சேலையையும் அளவான ஜாக்கெட் தூக்கி நிறுத்தும். துணியில் மிச்சம் பிடித்த காசைத் தையலுக்குக் கொடு என்பதுதான் அத்தை தொழில் செய்து கண்ட உண்மை.

வைகாசி மாதத்தில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த தேர், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிற தேர். கொம்யூன்களிலிருந்து பெண்கள் திரண்டு வருவார்கள். நான் ஓரமாக நின்று நிறங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயலில் நாற்று நட்ட கையோடு வந்த பெண்ணின் கிளிப்பச்சைச் சேலைக்குக் கத்தரிப்பூ ஜாக்கெட் அவ்வளவு பாந்தமாக இருக்கும். அவளிடம் இருந்த ஒரே நல்ல ஜாக்கெட் அதுவாக இருந்திருக்கலாம். கையில் இருப்பதை எதோடு சேர்ப்பது என்று யோசித்திருக்கிறாள், அந்த யோசனை அழகாகிவிட்டது.

எனக்குத் தாவணி எடுத்த அதே 1985வாக்கில், நியூயார்க்கில் டோனா கரன் என்ற ஆடை வடிவமைப்பாளர் ஏழே உருப்படியில் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். வேலைக்குப் போகும் பெண் அந்த ஏழை மாற்றிமாற்றிச் சேர்த்தாலே காலையிலிருந்து இரவு விருந்துவரை சமாளிக்கலாம் என்பது அவர் எண்ணம். உலகமே அதைப் பேசியது. அங்கே வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நேரமில்லை என்பதால் பிறந்த யோசனை, இங்கே கரும்பு விவசாயி வீட்டில் காசில்லை என்பதால் பிறந்தது. இரண்டும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். மண்ணாடிப்பட்டுத் திண்ணையில் அதைக் கண்டுபிடித்தவருக்கும் அதே மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது என் பெண்ணும் அவள் தோழிகளும் குர்த்தி, லெக்கின்ஸ், பலாஸோ போடுகிறார்கள். திருபுவனை தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் பஸ் ஏறும் பெண்கள், புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசும் பெண்கள், போனிலேயே துணி வாங்கும் பெண்கள் எல்லாரும் முன்னைவிட நிறைய வாங்குகிறார்கள். சம்பாதிக்கிறார்கள், வாங்கட்டும். ஆனால் ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஆகும் தண்ணீர் சுமார் 2,700 லிட்டர் என்கிறார்கள். போர்வெல்லை நம்பி நெல்லும் கரும்பும் வைக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரியும். ஒருமுறை போட்டுவிட்டு மூலையில் எறிகிற துணியாக அது போகக்கூடாது.

முதல் சம்பளம் வாங்கிய பெண்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். கீழே போடுவதை முதலில் எடுங்கள், மூன்று போதும்: கருநீலம், கறுப்பு, காவி அல்லது பழுப்பு, பூவேலை இல்லாமல். மேலே போடுவதை உங்கள் தோலோடு வைத்து வெயிலில் பார்த்து எடுங்கள். அதில் வெள்ளையோ சந்தனமோ ஒன்று கட்டாயம், மற்றவை உங்கள் முகத்தைத் தூக்கிக் காட்டும் அழுத்தமான நிறங்கள். துப்பட்டாவை மேட்சிங்காக எடுக்காதீர்கள், மேலும் கீழும் இல்லாத மூன்றாவது நிறத்தில் எடுங்கள். புதிதாக ஒன்றை வாங்கும் முன் வீட்டில் இருக்கும் மூன்றோடாவது அது சேருமா என்று கேளுங்கள், சேராவிட்டால் எவ்வளவு தள்ளுபடி என்றாலும் வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல தையல்காரரைப் பிடியுங்கள். கறுப்பாக இருக்கிறவர்கள் மஞ்சளை முதலில் எடுங்கள்.